அங்க தண்ணி எப்பிடி?

யாராவது ஒரு புது ஊரின் பெயரைச் சொன்னால் அம்மம்மா முதலில் கேட்பது "அங்க தண்ணி எப்பிடி?" என்றுதான். கோயில், பள்ளிக்கூடம், சாதி சனம் எல்லாம் அதற்குப் பிறகு. கலியாணம் பேசி வந்தாலும் இதே கேள்வி. கனடாவிலிருந்து மாமா தொலைபேசி எடுத்தபோதும் கேட்டார். "குழாயில வருது அம்மா" என்றார் மாமா. "அது தெரியும், எப்பிடி எண்டு கேட்டனான்" என்றார் அம்மம்மா.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் தனியாகக் கிடக்கிற நெடுந்தீவில். இருபது வயதுக்கு முன்பே அங்கிருந்து வந்துவிட்டார், பிறகு நாலைந்து தரம்தான் போயிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதன் அர்த்தம் விளங்க எனக்கு ஒரு புரட்டாதி மாதத்து வெயிலில் நெடுந்தீவு முழுக்கச் சைக்கிள் ஓட வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, அங்கிருந்து புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட தெருக்களால் பஸ் போகிறது. குறிகட்டுவானில் தெரு முடிகிறது. அந்த இறங்குதுறையில் இரண்டு வகைச் சனம் நிற்கும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் பூவும் அர்ச்சனைத் தட்டுமாக நிற்பார்கள். அது கிட்ட, அடிக்கடி படகு உண்டு. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, கோழிக்குஞ்சுப் பெட்டி என்று நிற்பார்கள். அவர்களுக்குப் படகு குறைவு, ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். படகைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். நானும் ஒன்றைத் தவறவிட்டேன்.

யாழ் மாவட்டத்தின் கிராம சேவகர் பிரிவுகளுக்கு ஜே என்ற எழுத்தோடு ஒரு இலக்கம் உண்டு. ஜே/1 என்பது நெடுந்தீவு மேற்கு. எண்ணிக்கை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு அது கடைசி ஊர். ஒரு அரச ஊழியருக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தால் வீட்டில் செத்த வீடு மாதிரி இருக்கும்.

பரப்பு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளில் தரையோடு பாலத்தால் தொடுக்கப்படாதவற்றில் இதுவே பெரியது. சனத்தொகை நாலாயிரம் அளவில். அதைப் பரப்பால் பிரித்தால் சதுர கிலோமீற்றருக்கு எண்பது பேர் வரும். வன்னியில் அதைவிட வெறிச்சோடிய இடங்கள் உண்டு. ஆனால் இந்தக் கணக்கு ஆளை ஏமாற்றும். சனம் தீவு முழுக்கப் பரவி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் நடுவிலும் வளவுகள், ஒழுங்கைகள், கோயில்கள், தேவாலயங்கள், பனைகள். தெற்கே, மேற்கே போகப் போக வீடு குறைந்து, பனை குறைந்து, கடைசியில் ஒரு வெளி. மரமே இல்லாமல் புல்லும் கல்லும் வானமும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், ஊர் என்று நீங்கள் வந்த பக்கம் ஒரு கறுப்புக் கோடாக மட்டும் தெரியும்.

ஏன் அந்தப் பக்கம் யாரும் இருக்கவில்லை என்று என்னோடு வந்த சொந்தக்காரப் பெடியனிடம் கேட்டேன். "அங்கால தண்ணி சரியில்லை" என்றான். எனக்கு அம்மம்மாவின் குரல் கேட்டது.

சரி, தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நெடுந்தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே அடியில் முழுக்கச் சுண்ணக்கல். மேலே மண் என்று இருப்பது சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வருகிற மழைதான் வருடத்துக்கு உரிய தண்ணீர். அது கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்குகிறது. கீழே ஏற்கனவே கடல் நீர் நிற்கிறது, தீவின் அடியெல்லாம் கடல்தானே. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே அது கலந்துவிடாமல் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து, கரைப் பக்கம் மெலிந்து, கவிழ்த்து வைத்த வில்லை மாதிரி ஒரு நீர்ப் படுக்கை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு அடி மேலே நின்றால், கீழே கிட்டத்தட்ட நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோசமான கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு அடியை இறைத்து எடுத்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். மோட்டர் பூட்டி ஒரேயடியாக இழுத்தால் கிணற்றின் நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழும்பும். ஒருக்கால் கிணறு உவராகிவிட்டால் அது திரும்ப நல்லதாக எத்தனை மாரி வேண்டுமோ. துலாவில் பட்டை கட்டி இறைத்த காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மனிதனின் கை களைத்துவிடும், அதற்குள் கிணறு ஊறிவிடும்.

ஒரே வளவுக்குள் இரண்டு கிணறு, ஒன்று நல்ல தண்ணி, மற்றது உவர் என்று இருப்பதும் இதனால்தான். கல்லில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அங்கே குடிக்கிற கிணறு, குளிக்கிற கிணறு, மாட்டுக்கு இறைக்கிற கிணறு எல்லாம் வேறு வேறு. சாறாப்பிட்டிப் பக்கம் வரிசையாக இருக்கிற பழைய நல்ல தண்ணிக் கிணறுகளைப் பற்றி ஊர்ச் சனம் ஏதோ ராசா வீட்டுச் சொத்து மாதிரிக் கதைக்கும். இப்போது கடல் நீரை நன்னீராக்குகிற இயந்திரமும் வந்துவிட்டது, கான்களில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். "குடிக்கலாம், ஆனால் ஒரு சுவையும் இல்லை" என்பது பொதுவான அபிப்பிராயம். நானும் குடித்துப் பார்த்தேன். உண்மை.

தீவுக்குள் போனதும் முதலில் கண்ணில் படுவது வேலிகள். யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் கிளுவைக் கதியால், கிடுகு, பனையோலை. வருடா வருடம் அடைக்க வேண்டும். இங்கே முருகைக் கல். சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது மட்டும். இடுப்பளவு, நெஞ்சளவு. ஒழுங்கைக்கு ஒழுங்கை, வளவுக்கு வளவு, மைல் கணக்காக. சுற்றுலாப் பயணிகள் இதை வடிவு என்று படம் எடுப்பார்கள். வடிவுதான், ஆனால் யாரும் வடிவுக்காகக் கட்டவில்லை. ஒரு துண்டு நிலத்தில் வரகோ குரக்கனோ போட வேண்டுமென்றால் முதலில் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? எல்லையில். அதுவே மாட்டை மறிக்கிற வேலியும் ஆகிவிடுகிறது. கல்லிடுக்குகளால் காற்றுப் போய்வரும், ஆகவே புயலுக்கும் இலேசில் விழாது. ஒரு வேலியின் தடிப்பைப் பார்த்தால் அந்தக் காணிக்குள் எவ்வளவு கல் கிடந்தது, அதைப் பொறுக்க எத்தனை முதுகு வளைந்தது என்று ஓரளவு சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. கோட்டையைவிட எனக்கு இந்த வேலிகள்தான் பெரிய சரித்திரம்.

கோட்டையும் இருக்கிறது. அதே முருகைக் கல்லால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம், இப்போது இடிந்து சுவர்கள் மட்டும். போர்த்துக்கேயர் கட்டினார்களா ஒல்லாந்தர் கட்டினார்களா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கினார்கள், 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள், 1795இல் ஆங்கிலேயர். மூன்று பேருக்கும் நெடுந்தீவு ஒரு கால்நடைப் பட்டி. போர்த்துக்கேயர் இதற்கு வைத்த பெயரே பசுத்தீவு என்று அர்த்தம் தருவது.

ஒல்லாந்தர் ஒரு வேலை செய்தார்கள். ஊர் நினைவு வந்துவிட்டதோ என்னவோ, யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ண், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். மற்றப் பெயர்களை இன்று ஒருவரும் சொல்வதில்லை. டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்திலும் அரசாங்கக் கடிதங்களிலும் இன்றும் அதுதான். நானூறு பேர் ஏறுகிற பஸ்ஸில் "மிடில்பர்க் இறக்கம்" என்று கொண்டக்டர் கூவுவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். (நானூறு பேர் என்பது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் காலை ஏழு மணிக்குத் தீவுப் பக்கத்து பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்.)

வருகிற எல்லோரும் கேட்பது குதிரையைத்தான். தெற்கு வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழி வந்தவை. குதிரை வளர்க்கத் தீவு நல்ல இடம், கடலே வேலி. ஒல்லாந்தர் இங்கே பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்தில் நொலான் என்ற இராணுவ அதிகாரி தீவைப் பொறுப்பெடுத்து நடத்தினார். லாயத்தின் கல்தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பிறகு தொழில் படுத்துவிட்டது. மனிதர் போய்விட்டார்கள், குதிரைகள் மிஞ்சின.

ஆனால் இந்தக் கடலில் குதிரைக் கதை ஐரோப்பியரோடு தொடங்கவில்லை. பக்கத்து நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. பொலன்னறுவையில் இருந்த அரசன், இங்கே தமிழில் எழுதுவித்திருக்கிறான். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பரதேசிகளைக் காக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டு வந்த கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. மற்றச் சரக்குக்குப் பாதியை எடுத்துக்கொள்ளும் அரசன் குதிரைக்காரனிடம் மட்டும் கால் பங்கோடு நிறுத்துகிறான், குதிரை அவ்வளவு தேவை. அத்தோடு, சட்டம் போட வேண்டிய அளவுக்கு இந்தக் கடலில் கலங்கள் உடைந்திருக்கின்றன என்பதும் தெரிகிறது.

இன்றைய குதிரைகளை வாங்க ஒருவரும் இல்லை. 2015இல் அந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவித்ததால் மழை பெய்யாது. நான் போன புரட்டாதியில் வெளி முழுக்கக் காய்ந்த புல். ஒரு தண்ணீர்க் குழியைச் சுற்றிப் பதினைந்து குதிரைகள் நின்றன, குழியில் இருந்தது ஒரு முழம் சேறு. விலா எலும்பை எண்ணலாம். ஒரு குட்டி மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. கடும் வறட்சி ஆண்டுகளில் இவை செத்துக் கிடந்த படங்கள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. ஊர்க்காரர் சிலர் லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தில் பரல் ஏற்றி வந்து தொட்டிகளில் தண்ணீர் விடுகிறார்கள். அவர்களுக்கே தண்ணீர் கணக்காகக் கிடைக்கிற மாதத்தில். காட்டுக் குதிரை, சுதந்திரம் என்றெல்லாம் இணையத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அங்கே போய் நின்றால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்கிற ஒரு பெருக்கமரம்; அடிமரத்துக் குகைக்குள் நாலைந்து பேர் நிற்கலாம். ஆபிரிக்காவின் மரம், அரபு வணிகர் கொண்டு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. தென்முனையில் கப்பல்களுக்கு அடையாளமாகக் கட்டிய குயிண்டாக் கோபுரம். வளரும் கல் என்று ஒன்று. அது வளர்ந்ததைக் கண்டேன் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. மேற்கே, பழங்கதையில் வருகிற அரசன் வெடியரசனின் கோட்டை என்று சனம் சொல்கிற இடத்தில் வட்டமான கல் அடித்தளங்கள் இருக்கின்றன. அவை பௌத்த தூபிகள் என்கிறார்கள். வெடியரசனா, பௌத்தமா, அப்படியானால் யாருடைய பௌத்தம் என்று அந்தக் கல்லை வைத்துக்கொண்டு நடக்கிற சண்டை எனக்குக் களைப்பைத் தருகிறது. தமிழர் பௌத்தராக இருந்த காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இரண்டு பக்கமும் கோபிக்கிறது.

கச்சதீவும் நிர்வாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்ததுதான். 1974 உடன்படிக்கையின் பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. நெடுந்தீவு என்றால் "அது எங்க?" என்பார்கள். தண்ணீரே இல்லாத, வருடத்துக்கு ஒருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் ஆள் கூடுகிற திடலுக்கு அவ்வளவு புகழ், ஆட்கள் வாழ்கிற தீவுக்கு இவ்வளவு.

இனி ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்பது. போர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் சரியில்லை. போருக்கு முன்பே சனம் போகத் தொடங்கிவிட்டது. வன்னியில் காடு வெட்டிக் குடியேற்றங்கள் தொடங்கியபோது நெடுந்தீவார் நிறையப் பேர் போனார்கள். அங்கே குளம் இருந்தது, வாய்க்கால் இருந்தது, மண்ணைக் கிண்டினால் மண் வந்தது. கல் பொறுக்கிப் பழகிய ஆட்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மம்மாவின் தமையன் ஒருவரும் அப்படிப் போனவர். அவர் வன்னியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் இருந்ததாம்.

அப்புறம் போர். 1985 மே 15, குமுதினி. தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் ஓடிய பயணிகள் படகு. நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குழந்தையும் அதில் அடக்கம். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். இங்கே கடல் என்பது வழி. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேறு வழி இல்லை. அந்த வழியில் அது நடந்தது. 1990இல் தீவுகள் படையினர் கைக்குப் போனதும் இன்னும் ஒரு பெரிய தொகை வெளியேறியது. குமுதினி என்ற படகைப் பிறகும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள், வருடா வருடம் மே மாதத்தில் விளக்கேற்றுகிறார்கள். அம்மம்மா அந்த நாளைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. யார் யார் என்று பெயர் சொல்லக் கூடியவர்தான்.

நான் போனது அவர் வளவைப் பார்க்க. அவர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காணி உறுதி ஒன்று இருந்தது, அதில் எல்லை எல்லாம் "கிழக்கு ஒழுங்கை, தெற்கு பங்குக்காரர் காணி" என்ற மாதிரி. அந்தப் பங்குக்காரர் கனடாவிலும் பிரான்சிலும். சொந்தக்காரப் பெடியனும் நானும் மூன்று ஒழுங்கைகளில் ஏறி இறங்கினோம். எல்லா இடமும் ஒரே மாதிரி: கல்வேலி நேராக நிற்கிறது, உள்ளே பற்றை, நடுவில் கூரை போன சுவர். ஆள் போய் முப்பது வருடம் ஆகியும் எல்லை மட்டும் அசையவில்லை.

கடைசியில் மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான ஐயா உதவிக்கு வந்தார். பேரைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார், பிறகு பேருக்குள் போகாமல், "கிணறு எப்பிடி இருந்தது எண்டு சொன்னவவோ?" என்று கேட்டார். நல்ல தண்ணி என்று எப்போதும் பெருமையடிப்பார், பக்கத்து வீடுகளும் வந்து அள்ளுமாம் என்றேன். அவர் எங்களை இரண்டு காணிகளுக்குக் கூட்டிப்போனார், இரண்டும் அடுத்தடுத்தவை. இரண்டிலும் கிணறு. கட்டு இடிந்து, உள்ளே பன்னம் முளைத்து, ஆனால் புரட்டாதியிலும் அடியில் தண்ணீர் மின்னியது. சைக்கிளில் கட்டியிருந்த கயிற்றையும் ஒரு போத்தலையும் வைத்து அள்ளினோம்.

ஐயா முதலாவதை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். "இது இல்லை." இரண்டாவதை ஒரு மிடறு விழுங்கினார். நின்றார். இன்னொரு மிடறு.

"இதுதான் எண்டு நினைக்கிறன் பிள்ளை. கொஞ்சம் கரிக்குது, ஆனால் முப்பது வருசமா ஒருத்தரும் இறைக்கேல்லை எல்லே. இறைச்சா நல்லா வரும்."

எனக்கு அது உப்பாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. மூன்றரை மணிப் படகுக்கு நேரமாகிறது என்று பெடியன் சைக்கிளைத் திருப்பினான். ஐயா புல்லுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "இறைக்கிறதெண்டா மோட்டர் போடாதேங்கோ, கையாலதான் இறைக்கோணும்" என்று ஒழுங்கை முடியும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.